சிருஷ்டி முழுவதற்கும் விடுதலை என்ற நம்பிக்கையை வேதபாடத்தில் எப்படி விளக்குவது?

கேள்வி: வாலிபர் வேதபாடத்துக்கு, சிருஷ்டி முழுவதும் விடுதலைக்காகக் காத்துத் தவிக்கிறது என்று சொல்லும் ரோமர் 8:19-23 எடுக்க வேண்டும். ஆத்துமா பரலோகம் போவதுதானே இரட்சிப்பு? மண்ணுக்கும் மிருகத்துக்கும் ஏன் விடுதலை? "சர்வ சிருஷ்டியும்" என்றால் எல்லா மனிதரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று ஆகிவிடாதா?

பதில்:

ரோமர் 8-ல் தொடங்காதீர்கள், யூபிலி வருஷச் சட்டம் உள்ள லேவியராகமம் 25-ல் தொடங்குங்கள். அடிமைப்பட்ட ஆளுக்கும் கைமாறிய நிலத்துக்கும் ஒரே எக்காளம் ஊதப்படுவது அங்கேதான். அதைப் படிக்காமல் பவுலிடம் நேராகப் போனால், மண்ணும் மரமும் தவிக்கின்றன என்பது வெறும் கவிதை வருணனையாகத் தெரியும். வகுப்பு அதைத் தாண்டிப் போய்விடும்.

அந்தச் சட்டத்தை மேலோட்டமாகச் சொல்லாமல் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். ஏழு வருஷத்துக்கு ஒரு முறை நிலத்துக்கு ஓய்வு: விதைப்பும் கிடையாது, திராட்சைக் கிளை நறுக்குவதும் கிடையாது. தானாக விளைவது வீட்டுக்காரருக்கும் வேலைக்காரருக்கும் பரதேசிக்கும் நாட்டு மிருகத்துக்கும் காட்டு மிருகத்துக்கும் பொது (25:4-7). இப்படி ஏழு ஏழு வருஷம், 49. அதன்பின் ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவாரண நாளில், எக்காளம் ஊதி 50-ஆம் வருஷத்தை யூபிலியாக அறிவிக்க வேண்டும். கடனுக்காகத் தன்னை விற்றவன் குடும்பத்துக்குத் திரும்புவான், விற்ற நிலமும் பழைய குடும்பத்துக்கே திரும்பும். பாவம் நிவிர்த்தியாகும் நாளிலேயே இந்த அறிவிப்பு வருவதை வகுப்பில் நிறுத்திச் சொல்லுங்கள். ஆவிக்குரிய விடுதலை வேறு, மண்ணின் விடுதலை வேறு என்று பிரிக்கிறவர்களுக்கு இந்தத் தேதியே பதில்.

இனி விலைக் கணக்கு. நிலத்தை நிரந்தரமாக விற்க முடியாது, ஏனெனில் "தேசம் என்னுடையதாயிருக்கிறது" என்கிறார் தேவன் (25:23). விற்பது யூபிலி வரை உள்ள விளைச்சல்களை மட்டும். யூபிலி முடிந்து 20 வருஷம் ஆனபின் ஒருவன் நிலத்தை விற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 49-ஆம் வருஷம் முடிய மிச்சம் 29 வருஷம். அதில் 21, 28, 35, 42, 49 ஆகிய ஐந்தும் ஓய்வு வருஷங்கள். ஆக விளைச்சல் 24. ஒரு விளைச்சலுக்கு 100 காசு என்றால் விலை 2,400. பத்து வருஷம் கழித்து நெருங்கிய இனத்தான் மீட்க வந்தால், வாங்கியவன் எட்டு முறை அறுத்திருப்பான். மீதி 16 விளைச்சலுக்கு 1,600 கொடுத்தால் நிலம் திரும்பிவிடும் (25:15-16, 25-27). 49-ம் 50-ம் அடுத்தடுத்து தரிசாகக் கிடக்க வேண்டும் என்பதால் "என்னத்தைச் சாப்பிடுவோம்?" என்ற கேள்வி எழும். ஏழாம் வருஷத்தைப் பற்றி இதே கேள்வி 25:20-லேயே இருக்கிறது. ஆறாம் வருஷம் மூன்று வருஷத்துக்கான பலனைத் தரும் என்பது அடுத்த வசனத்தின் பதில்.

இந்தச் சட்டத்தின் எல்லைகளை மறைக்க வேண்டாம். மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை ஒரு வருஷத்துக்குள் மீட்காவிட்டால் யூபிலியிலும் திரும்பாது. புறஜாதி அடிமைகளுக்கு இந்த விடுதலை இல்லை (25:44-46). யாராவது கட்டாயம் கேட்பார்கள். யூபிலி முழுமையாக அனுசரிக்கப்பட்டதாக வேதத்தில் ஒரு பதிவும் கிடையாது. எரேமியா 34-ல் நடந்தது இதற்கு நேர்மாறு: பாபிலோன் படை நெருக்கியபோது சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் அடிமைகளை விடுவித்தார்கள், பிறகு மனம்மாறி அவர்களையே மறுபடியும் பிடித்து அடிமைகளாக்கினார்கள். எருசலேம் விழுந்தது. தேசம் பாழாய்க் கிடந்த 70 வருஷமும் அது தன் ஓய்வு வருஷங்களை அனுபவித்தது என்று 2 நாளாகமம் 36:21 சொல்கிறது. மனிதன் கொடுக்க மறுத்த ஓய்வு மண்ணின் கணக்கில் பாக்கியாக நின்றது. அதைத் தேவன் தீர்த்தார்.

ஏசாயா 61, லூக்கா 4:16-21 இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு ரோமருக்குப் போகலாம். நாசரேத்து ஜெபஆலயத்தில் இயேசு வாசித்தது "கர்த்தருடைய அநுக்கிரக வருஷம்". வகுப்பு இதற்குள் யூபிலிக் கணக்கைப் போட்டிருந்தால், அந்த வரி எதைக் குறிக்கிறது என்று நீங்கள் சொல்லத் தேவையிருக்காது.

ரோமர் 8-ஐ 18-ஆம் வசனத்திலிருந்து எடுக்காமல் 14-லிருந்து எடுங்கள். ஆவியானவரால் நடத்தப்படுகிறவர்கள் பிள்ளைகள், பிள்ளைகள் என்றால் சுதந்தரர் (8:17). எதற்குச் சுதந்தரர்? பவுல் இதை ஏற்கெனவே 4:13-ல் சொல்லிவிட்டார்: ஆபிரகாமுக்கும் அவன் சந்ததிக்கும் வாக்களிக்கப்பட்டது உலகம். அதனால்தான் சிருஷ்டி தேவபுத்திரர் வெளிப்படக் காத்திருக்கிறது. பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டவன் (ஆதியாகமம் 2:15) விழுந்தபோது பூமி அவன் நிமித்தம் சபிக்கப்பட்டது (3:17). அவன் நிமிரும்போது பூமியும் நிமிரும். 4:13-ஐ விட்டுவிட்டால் 8:19 அந்தரத்தில் நிற்கும். பெரும்பாலான பிரசங்கங்கள் தடுமாறுவது இங்கேதான்.

இந்த நிருபம் கி.பி. 57 வாக்கில் எழுதப்பட்டது. வாசித்தவர்கள் ரோம் நகரத்தார். அங்கே கி.மு. 9-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அகஸ்து ராயனின் சமாதான பலிபீடத்தில், மடியில் இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண், காலடியில் மாடும் ஆடும், சுற்றிலும் பழமும் கதிரும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ராயன் ஆட்சியில் பூமி செழித்துவிட்டது என்று கல்லே பேசிய ஊர் அது. அந்த ஊருக்குத்தான் பவுல் சிருஷ்டி இன்னும் பிரசவவேதனைப்படுகிறது என்று எழுதுகிறார். எவ்வளவு துணிச்சல்!

8:23-ல் வரும் "ஆவியின் முதற்பலன்" லேவியராகமம் 23:10-14-ல் உள்ள முதல் கதிர்க்கட்டு. அதைப் படைக்கும் வரை புதுத் தானியத்தை யாரும் தொடக்கூடாது. முதல் கட்டும் பின்னால் வரும் அறுப்பும் ஒரே வயலின் ஒரே பயிர். கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலையும் பவுல் முதற்பலன் என்றே அழைக்கிறார் (1 கொரிந்தியர் 15:20). உயிர்த்தவர் காயத் தழும்போடு நின்றார், பொரித்த மீன் சாப்பிட்டார். கல்லறையில் கிடந்த சரீரம் கைவிடப்படவில்லை. 8:23 காத்திருப்பதும் சரீர மீட்புக்காகவே, சரீரத்திலிருந்து தப்பிப்பதற்காக அல்ல. மரித்த விசுவாசி கிறிஸ்துவோடு இருக்கிறார் என்பது உண்மை (பிலிப்பியர் 1:23). ஆனால் அது இடைக்காலம். வெளிப்படுத்தல் 21-ல் நகரம் பரலோகத்திலிருந்து இறங்கி வருகிறது.

அப்போது ஒருவர் 2 பேதுரு 3:10-ஐ எடுப்பார்: பூமி எரிந்து போகப்போகிறதே, எதற்குக் கவலை? நாலு வசனம் முன்னால் போகச் சொல்லுங்கள். ஜலப்பிரளயத்தில் அப்போதிருந்த உலகம் "அழிந்தது" என்கிறது 3:6. நோவா இறங்கியது வேறொரு கிரகத்தில் அல்ல, தண்ணீர் வடிந்த இதே பூமியில். அக்கினியும் அதே வரிசையில் நியாயத்தீர்ப்பாக வருகிறது. 3:13-ல் அதன்பின் நீதி வாசமாயிருக்கும் பூமி வருகிறது. இது இன்றைய சுற்றுச்சூழல் அலையில் வந்த வாசிப்பும் அல்ல. கி.பி. 180 வாக்கிலேயே லியோன் நகர ஆயர் ஐரேனியஸ், சரீரத்தையும் பூமியையும் இழிவாகப் பேசிய ஞானவாதிகளுக்கு எதிராக இதே ரோமர் 8-ஐ எடுத்து வாதாடினார்.

எல்லாரும் இரட்சிக்கப்படுவார்களா என்பதற்கு வருவோம். கொலோசெயர் 1:20 பூமியிலும் பரலோகத்திலும் உள்ள யாவும் ஒப்புரவாவதைச் சொல்கிறது. மத்தேயு 25:46 நியாயத்தீர்ப்பைச் சொல்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்கக்கூடாது. மூன்றாம் நூற்றாண்டு வேத அறிஞர் ஒரிகன் எல்லாம் திரும்பச் சீர்ப்படும் என்று போதித்தார். 553-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்கள் சங்கத்தின் கண்டனப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அதே நம்பிக்கையை எழுதிய நான்காம் நூற்றாண்டு ஆயர் நிஸ்ஸாவின் கிரகோரி கண்டிக்கப்படவில்லை, இன்றும் பரிசுத்தவானாகவே மதிக்கப்படுகிறார். ரோமர் 8:19-23 இந்த விவாதத்துக்குள் நுழைவதில்லை. அது சிருஷ்டியைத் தேவபிள்ளைகளிலிருந்து வேறுபடுத்திப் பேசுகிறது, யார் யார் பிள்ளைகள் என்று எண்ணிச் சொல்லவில்லை. வகுப்பில் இதற்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மண்ணும் மிருகமும் மறுபடி மறந்துபோகும்.

ஒரே நாளில் முடியாது, நான்கு வாரம் எடுங்கள்: லேவியராகமம் 25, பிறகு எரேமியா 34-உடன் லூக்கா 4, மூன்றாவது ரோமர் 8, கடைசியில் வெளிப்படுத்தல் 21-22. செப்டம்பர் பொருத்தமான மாதம். 1989-ல் ஆர்த்தடாக்ஸ் சபையின் கான்ஸ்டான்டிநோபிள் பிதாப்பிதா (தலைமை ஆயர்) திமித்ரியோஸ் செப்டம்பர் 1-ஐச் சிருஷ்டிக்கான ஜெபநாளாக அறிவித்தார், 2015-ல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்கருக்கும் அதை ஏற்படுத்தினார். இன்று பல சபைகள் அக்டோபர் 4 வரை அனுசரிக்கின்றன.

பலர் இந்தப் பாடத்தை ஒரு மரக்கன்று நட்டு முடித்துவிடுவார்கள். நடுவது நல்லதுதான், ஆனால் முதல் இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் எழுதாமல் நட்டால் அது காய்ந்துவிடும். அதோடு லேவியராகமம் 25 கேட்பது கடனையும் பற்றியது. ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்காதே என்கின்றன 36, 37 வசனங்கள். உங்கள் சபையில் நகையோ பத்திரமோ அடகில் இருக்கும் குடும்பம் ஒன்றாவது இருக்கும். வாலிபர் சங்கம் வட்டியில்லாமல் கடன் தரும் சிறு நிதி தொடங்கலாம். தொகைக்கு உச்சவரம்பு, மாதத் தவணை, இரண்டு பேர் கையெழுத்து, கடன் வாங்கியவர் பெயரை ஆலயத்தில் அறிவிக்கக்கூடாது என்ற விதி, இந்த நான்கையும் முதல் ரூபாய் வெளியே போகுமுன் எழுதி வையுங்கள். தவணை நாள் குறிக்காத நிதி ஒரு சுற்றிலேயே வற்றிப்போகும், பெயர் வெளியே தெரிந்தால் அடுத்த குடும்பம் கேட்க வராது.