படகும் தூண்டிலும்: கேள்வி-பதில்

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் போட ஃபைபர் படகில் போய் வருகிறேன். படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு, அதன் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் நூலாக மெலிந்துவிட்டது. இப்படியே ஓட்டலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: கூடாது, உடனே அணைத்துவிட்டு எஞ்சினைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் இழுக்கும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம். அந்தப் பக்கத்தில் அதற்கா பஞ்சம்! அடுத்து, பீய்ச்சும் துளையில் தூண்டில் நரம்பை விட்டுக் குத்துங்கள். மணலும் உப்பும் உதிரும். அப்படியும் சரியாகாவிட்டால் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் இறகுச் சக்கரத்தை, சந்தேகப்படுங்கள். மணல் திட்டை ஒட்டி ஓட்டினால் சீக்கிரம் தேயும். மாற்றும்போது பழையதன் இறகுகளை எண்ணுங்கள். ஒன்று உடைந்திருந்தால் அந்தத் துண்டு குளிர்விக்கும் பாதையில் சிக்கிக் கிடக்கும்; அதை எடுக்காமல் புதியதைப் போட்டும் பயனில்லை. கரைக்கு வந்ததும் 10 நிமிடம் நல்ல தண்ணீரில் ஓடவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.