பாரசூட் இல்லாத கடிதம்

அண்ணா, வணக்கம்.

கலிபோர்னியாவின் லூசர்ன் வறண்ட ஏரியில் ராக்கெட் விட்டதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஒரு கிட் வாங்கிவிட்டேன். சொந்த ஊர் கரூர். இப்போது ரிவர்சைடில் சாஃப்ட்வேர் வேலை. நாலு அங்குல அட்டைக்குழாய், ப்ளைவுட் இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு. எல்லாவற்றையும் கராஜில் பரப்பி வைத்து இரண்டு வாரம் ஆகிறது. கை வைக்கப் பயமாக இருக்கிறது.

பெரிய மோட்டார்களை வாங்கி விடுவதற்கான லெவல் 1 சான்றிதழ் எடுப்பதுதான் திட்டம். ஆபீஸ் நண்பர் ஒருவர், "அட்டையெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. ஃபைபர்கிளாஸ் கிட் வாங்கு, ஐ ரக மோட்டார் போடு, உயரம் அளக்கிற ஆல்டிமீட்டர் வை" என்கிறார். வெடிமருந்து லைசென்ஸ் எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறார். நான் ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். ஐ மோட்டாரில் 900 மீட்டர் போகும் என்று காட்டுகிறது. எபாக்ஸி நல்லதா, மரப்பசை போதுமா? இறக்கை வேகத்தில் பிய்ந்துவிடாதா? எந்த பெயிண்ட் அடிக்கலாம்? டிசம்பரில் ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கு அமராவதி மணலில் ஒருமுறை விட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை. முடியுமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உயரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, பசை இருக்கிறது, பெயிண்ட்கூட இருக்கிறது. பாரசூட் என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், முதல் ராக்கெட் செய்தபோது என் நோட்டுப் புத்தகத்திலும் அது இல்லை. அதற்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

லெவல் 1 தேர்வு என்னவென்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் இதை நடத்துபவை இரண்டு சங்கங்கள்: நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி, டிரிபோலி. உங்களுக்குப் 18 வயது முடிந்திருக்க வேண்டும். ராக்கெட்டை நீங்களே கட்டியிருக்க வேண்டும். மோட்டாரின் பலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளில் எச் அல்லது ஐ ரக மோட்டாரில் விட வேண்டும். எவ்வளவு உயரம் போக வேண்டும் என்று விதியே கிடையாது. இறங்கிய ராக்கெட்டை எடுத்துவந்து காட்ட வேண்டும். இன்னொரு மோட்டாரைப் போட்டு அப்படியே மறுபடி விடலாம் என்கிற நிலையில் அது இருந்தால்தான் கையெழுத்து. மேலே போவதற்கு இந்தத் தேர்வில் பெரிதாக மதிப்பெண் இல்லை. கீழே வருவதற்குத்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் நண்பர் சொன்ன மூன்றுக்கும் பதில் தானாக வந்துவிடும். ஃபைபர்கிளாஸ் கனம். அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தேய்க்கும்போதெல்லாம் முகமூடி போட வேண்டும். ஒலியின் வேகத்தைத் தாண்டப் போகிறவர்களுக்குச் சரி. உங்கள் அட்டைக்குழாய் எச் மோட்டாருக்குத் தாராளமாகத் தாங்கும்.

ஐ மோட்டார் இப்போது வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்தக் கணத்தாக்கு, அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியது, இரட்டிப்பாகிறது. எச் என்றால் 160 முதல் 320 நியூட்டன்-விநாடி, ஐ என்றால் 320 முதல் 640. எச் வரிசையின் அடிமட்டத்தில் இருக்கிற எச்128 போன்ற ஒன்று போதும். எழுத்துக்குப் பிறகு வரும் 128 சராசரி உந்துவிசை, நியூட்டனில். உங்கள் ராக்கெட் மோட்டாரோடு ஒன்றரைக் கிலோ சொச்சம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் அதன் எடையைப் போல எட்டு மடங்கு உந்தல். ஐந்து மடங்கு இருந்தாலே போதும் என்பது களத்துக் கணக்கு. உயரம் 400 மீட்டர் அளவில் நிற்கும். பாரசூட்டில் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்கினால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். விநாடிக்கு 5 மீட்டர் காற்று அடித்தால் சுமார் 330 மீட்டர் தள்ளிப் போய் விழும், நடந்து எடுத்துவிடலாம். 900 மீட்டர் போனால் அதே காற்றில் முக்கால் கிலோமீட்டர். பாலைவன வெயிலில் முக்கால் கிலோமீட்டர் போய்வந்து பாருங்கள், உயரத்தின் மேலுள்ள ஆசை கொஞ்சம் குறையும். ஆல்டிமீட்டர் நல்ல பொருள்தான். உச்சியில் சின்னப் பாரசூட், தரைக்குப் பக்கத்தில் பெரியது என்று பிரித்து விரிக்க அது தேவைப்படும். 400 மீட்டருக்கு அது எதற்கு?

லைசென்ஸ் விஷயத்தில் உங்கள் நண்பர் பழைய கதையைச் சொல்கிறார். இந்த மோட்டார்களில் இருக்கும் அம்மோனியம் பெர்குளோரேட் கலவையை வெடிபொருள்களைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய அரசின் ஏடிஎஃப் துறை வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்தது. இரண்டு சங்கங்களும் 2000-இல் வழக்குப் போட்டன. 2009-இல் வாஷிங்டன் நீதிமன்றம் அந்தப் பட்டியலில் அது இருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் வான்வெளி அனுமதி, தீயணைப்பு விதி எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1,500 கிராமுக்கு மேற்பட்ட ராக்கெட்டை நினைத்த இடத்தில் விட முடியாது. விமானப் போக்குவரத்துத் துறையிடம் கிளப் அனுமதி வாங்கி நடத்தும் நாளில், அவர்கள் களத்தில்தான் விட வேண்டும். இது ஒருவகையில் வசதி. பக்கத்தில் இருபது வருஷ அனுபவசாலிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, பசை. அட்டையும் ப்ளைவுட்டும் சேருமிடத்தில் தச்சர்களின் மரப்பசையே போதும். காய்ந்தபின் பிடித்து இழுத்தால் பசை விடாது, அட்டைதான் கிழியும். ஓரிடத்தில் மட்டும் அதைத் தொடாதீர்கள்: மோட்டார் உட்காரும் சிறிய மோட்டார்க் குழாயை, அதை நடுவில் பிடிக்கும் வளையங்களோடு உள்ளே தள்ளும்போது. மரப்பசை பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அங்கே அரைமணி நேரத்தில் இறுகும் எபாக்ஸி. ஐந்து நிமிட எபாக்ஸி அவசர ஒட்டுக்கு மட்டும். குழாயின் வழவழப்பான மேல்தோலை ஒட்டும் இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பசை அந்தத் தோலைத்தான் பிடிக்கும், குழாயைப் பிடிக்காது.

இறக்கை பிய்யுமா என்று கேட்டிருந்தீர்கள். குழாயில் கீறிய பிளவு வழியாக இறக்கையின் அடி உள்ளே போய் மோட்டார்க் குழாயைத் தொடுகிறது இல்லையா, அந்த உள்மூலையில் பசைக் கோடு போட்டால் பறக்கும்போது ஒன்றும் ஆகாது. விநாடிக்கு 6 மீட்டரில் தரையில் மோதுவது என்பது ஆள் உயரத்திலிருந்து கை தவறிக் கீழே விடுவதற்குச் சமம். இறக்கைக்கு உண்மையான சோதனை அது. வெளிமூலைகளில் எபாக்ஸியை ஐஸ்குச்சியால் இழுத்து, கையுறை போட்ட விரலை ஸ்பிரிட்டில் தொட்டு ஒரே இழுப்பில் தடவுங்கள். கண்ணாடி மாதிரி வரும். ஆனால் அள்ளி அப்பாதீர்கள். வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமும் எடைமையத்தைப் பின்னுக்கு இழுக்கும்.

இங்கே தீபாவளி ராக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சி முழுசாக இருந்தால் நேரே போகும். பாதியில் முறிந்த குச்சியோடு பற்றவைத்தால் எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போகும். குச்சி செய்கிற வேலையை இங்கே இறக்கை செய்கிறது: காற்று தள்ளும் மையத்தை எடைமையத்துக்குப் பின்னால் வைப்பது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு குழாய் விட்டம் இடைவெளி வேண்டும். உங்களுடையதில் 10 சென்டிமீட்டர். காற்று மையத்தைக் கணக்கிடும் வழியை 1960-களில் நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் கொடுத்தார். உங்கள் மென்பொருளும் அதன் வழியில்தான் போகிறது. எடைமையத்தை மட்டும் மென்பொருளிடம் கேட்காதீர்கள். மோட்டாரைப் போட்டு, பாரசூட்டை மடித்து வைத்து, ராக்கெட்டை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். நீங்கள் தடவிய பசை எவ்வளவு என்று கயிற்றுக்குத்தான் தெரியும்.

இப்போது என் கதை. எனக்கும் நாலு அங்குல அட்டைக் கிட்தான். மூன்று கோட் சிவப்பு பெயிண்ட், உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து மினுங்க வைத்தேன். மோட்டார் எரிந்து முடிந்தபின் ராக்கெட் தன் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும்போது, உள்ளே ஒரு தாமதத் துண்டு மெல்ல எரியும். அது முடிந்ததும் துளி வெடிமருந்து பற்றி மூக்கைத் தள்ளிப் பாரசூட்டை வெளியே எறியும். நான் வாங்கியதில் அந்தத் துண்டு 14 விநாடி. எனக்குத் தேவை 8. ஒரு சிறு கருவியால் குடைந்து ஆறு விநாடியைக் குறைக்க வேண்டும். கருவியைச் சரியாகப் பொருத்தாமல் இரண்டு விநாடி அளவுக்குத்தான் குடைந்திருந்தேன். பெயிண்டுக்கு மூன்று சனிக்கிழமை கொடுத்தவன் இதற்குக் கொடுத்தது கார் டிக்கியில் வைத்து மூன்று நிமிடம்.

ஏறியது அழகாக ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்று, மெதுவாக மூக்கைக் கவிழ்த்தது. இப்போது விரியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், விரியவில்லை. நாலு விநாடி. அதற்குள் மணிக்கு 120 கிலோமீட்டரை நெருங்கிவிடும். அந்த வேகத்தில் பாரசூட் திறந்தது. திறந்ததும் பாரசூட்டைக் குழாயோடு கட்டியிருந்த மெல்லிய கெவ்லார் கயிறு குழாயின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அட்டையை அறுத்துக்கொண்டு போனது, வேகவைத்த முட்டையை நூலால் அறுப்போமே அப்படி. ஒரு சாண் நீளப் பிளவு. ராக்கெட் பத்திரமாகத்தான் இறங்கியது. பரிசோதித்த பெரியவர் பிளவில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் பிரமாதம்" என்றார். கையெழுத்து இல்லை. கிழிந்த பகுதியை அறுத்தெடுத்து, உள்குழாய் வைத்துப் புதுத்துண்டு ஒட்டி அடுத்த மாதம் விட்டேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை, போனது, வந்தது.

அதனால் உங்கள் கராஜில் பாரசூட், கயிறு, துணி மூன்றையும் மேசைக்கு நடுவில் எடுத்து வையுங்கள். கிட்டில் வந்த கயிறு குட்டையாக இருந்தால் மாற்றுங்கள், ராக்கெட்டின் நீளத்தைப் போல மூன்று நாலு மடங்காவது வேண்டும். மெல்லியதைவிடப் பட்டையான நைலான் மேல். பாரசூட்டை தீ தாங்கும் நோமெக்ஸ் துணியில் வெற்றிலை மடிப்பதுபோல மடித்துச் செருகுங்கள், வெடிமருந்துச் சூடு படும் பக்கம் துணி இருக்க வேண்டும். பாரசூட் மேல் முகப்பவுடர் கொஞ்சம் தூவினால் ஒட்டிக்கொள்ளாது. மூக்கு எவ்வளவு இறுக்கம் என்பதற்குப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது: மூக்கைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கினால் கழன்று விழக் கூடாது, ஓர் உலுக்கு உலுக்கினால் கழல வேண்டும். தொளதொளவென்றால் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று. அப்புறம் தாமதத்தை வீட்டிலேயே கணக்குப் போட்டு, குடைய வேண்டிய அளவைக் குழாயின் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். களத்துக்கு வந்தபின் வெயிலும் பேச்சும் சேர்ந்து எல்லாம் மறந்துபோகும்.

பெயிண்ட்? உங்கள் இஷ்டம். வானத்தில் கண்ணுக்குத் தெரிகிற நிறமாக இருந்தால் போதும்.

கரூர் விஷயம் மட்டும் நடக்காது. மோட்டாரை விமானத்தில் கொண்டுபோக முடியாது, கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது. வெற்று ராக்கெட்டைப் பிரித்து எடுத்துப் போகலாம். மூக்கைக் கழற்றி அப்பா கையில் கொடுத்து, பாரசூட்டை மொட்டைமாடியிலிருந்து ஒரு சின்னக் கல்லைக் கட்டிப் போட்டுக் காட்டுங்கள். ஏறியதை வீடியோவில் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு முன்னால் லூசர்னுக்கு வரும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். குடையும் கருவி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்.