வாசகர் கேள்வி–பதில்: டிக்கெட்டில் ஆறரை மணித்தியாலம், பறப்பது எத்தனை?

கேள்வி: லண்டனிலுள்ள மகன் டிக்கெட் அனுப்பியிருக்கிறார். கட்டுநாயக்காவில் பகல் 1.00 மணிக்கு ஏறி, ஹீத்ரோவில் இரவு 7.30க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. வரும்போது இரவு 8.30க்கு ஏறி மறுநாள் காலை 11.30க்கு இறங்க வேண்டுமாம். போக ஆறரை மணித்தியாலம், வர பதினைந்தா? - வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இல்லை அம்மா. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பறக்கும் நேரம் வராது. மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பிந்தியது. மற்ற மாதங்களில் ஐந்தரை. உங்களுடையது கோடைகாலப் பயணம் என்றால், ஹீத்ரோவில் 7.30 ஆகும்போது களுவாஞ்சிகுடியில் நள்ளிரவு 12.00. பகல் ஒன்றிலிருந்து எண்ணுங்கள்: 11 மணித்தியாலம். திரும்பும்போது ஏறும் நேரம் நமக்கு அதிகாலை 1.00, இறங்குவது 11.30க்கு. அது பத்தரை. இந்த அரை மணித்தியால வித்தியாசம் காற்றால் வருவது. பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று போகையில் எதிர்க்கும், வருகையில் தள்ளிவிடும்.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். மணிக்கு 900 என்று வகுத்தால் ஒன்பதே முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் மிச்ச நேரத்தைத் தின்கின்றன. பாதையும் நேராக இல்லை. குறுகிய கோடு இந்தியாவின் மேற்குக் கரை, அரபிக்கடல், ஈரான், கருங்கடல் கடந்து உக்ரேன் மேலாகப் போகும். 2022 பெப்ரவரியிலிருந்து உக்ரேன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால் சுற்றித்தான் போக வேண்டும்.

கேள்வி: ரொறன்ரோவுக்கு டோஹா வழியாகப் போனால் தூரம் மிகவும் கூடுமா? 17ஆம் திகதி அதிகாலை 3.40க்கு விமானம். - வாசகர், கல்முனை

பதில்: அவ்வளவு அதிகமாகாது. நேர்க்கோட்டில் 14,000 கிலோமீற்றர். டோஹா வழியாக 14,500 அளவில். சிங்கப்பூர் வழியென்றால் 17,700ஐத் தொடும், மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். டோஹாவுக்கு ஏறக்குறைய 5 மணித்தியாலம், அங்கிருந்து 14. நடுவில் மூன்று மணித்தியாலம் காத்திருப்பு இருந்தால் நிதானமாக மாறலாம். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி, முதலாவது பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் நட்டம் உங்களுடையதே. பொதியில் ஒட்டும் துண்டில் ஒய்-ஒய்-இசட் என்ற ரொறன்ரோ எழுத்துகள் இருக்கின்றனவா என்று கவுண்டரிலேயே பாருங்கள்.

முக்கியமானது திகதி. 17 அதிகாலை 3.40 என்றால் வீட்டை விட்டு வெளிக்கிடுவது 16ஆம் திகதி. 17 பகல் வேன் பிடிக்க நினைத்து விமானத்தை விட்டவர்கள் பலர். பிந்தினால் நள்ளிரவு 12.40க்காவது கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும். கவுண்டரைப் பொதுவாக ஒரு மணித்தியாலம் முன்பே மூடிவிடுவார்கள். கல்முனையிலிருந்து வேனுக்கு எட்டு மணித்தியாலம் வையுங்கள். பிற்பகல் 2 மணிக்கே புறப்பட்டால், புனாணை முதல் ஹபரணை வரை யானை குறுக்கிடும் வீதியை இருட்டுமுன் தாண்டிவிடலாம்.