ஏஜ் கிராஃபில் தரவு ஏற்றுவது: கேள்வி பதில்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குக் கிராஃப் வசதியை, அதாவது பொருள்களை முனைகளாகவும் அவற்றுக்கிடையே உள்ள தொடர்புகளை விளிம்புகளாகவும் வைக்கும் வசதியை, சேர்க்கும் அப்பாச்சி ஏஜ் நீட்சியில் தரவு ஏற்றுவது குறித்து மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். அதை நிறுவுவதற்கும், கிராஃபைப் படமாக வரைந்து காட்டுவதற்கும் என்னைவிட விவரம் அறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: சிஎஸ்வி கோப்பு என் மடிக்கணினியில் இருக்கிறது, பாதையும் சரிதான். ஆனால் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பிழை வருகிறதே, ஐயா?

கோப்பைத் திறப்பது உங்கள் மடிக்கணினி அன்று. தரவுத்தளம் ஓடும் சர்வர். கோப்பு அங்கே இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனருக்கு அதைப் படிக்கும் அனுமதியும் வேண்டும். சில வெளியீடுகள் பாதுகாப்பு கருதி, டெம்ப் அடைவுக்குள் ஏஜ் என்ற பெயரில் உள்ள துணை அடைவிலிருந்து மட்டுமே கோப்புகளை ஏற்கின்றன.

கேள்வி: நேற்று வேலை செய்த கட்டளை, இன்று அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்கிறது.

புதிய இணைப்பு ஒவ்வொன்றிலும் ஏஜை லோட் செய்து, தேடல் பாதையில் அதன் கேட்டலாக் ஸ்கீமாவை (ஏஜின் ஃபங்ஷன்கள் இருக்கும் இடத்தை) சேர்க்க வேண்டும்.

கேள்வி: முனைகளை ஏற்றியபோது ஒரு வரி குறைந்தது. வயது என்ற பண்பில் கூட்டலும் நடக்கவில்லை.

முதல் வரியை ஏஜ் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தலைப்பில்லாத கோப்பைக் கொடுத்தால் முதல் பதிவு பண்புகளின் பெயராகிவிடும். கூட்டல் நடக்காததற்குக் காரணம், கோப்பிலிருந்து வரும் பண்புகள் இயல்பாகவே எழுத்துச் சரங்களாகச் சேமிக்கப்படுவதுதான். பிந்தைய வெளியீடுகளில் மதிப்புகளின் வகையை அறிந்து ஏற்றும்படி சொல்ல ஒரு கூடுதல் அளவுரு இருக்கிறது. அது இல்லாத வெளியீட்டில் நீங்களே வகை மாற்ற வேண்டும்.

கேள்வி: கைபேசிகளின் ஐஎம்இஐ எண்ணையே முனையின் ஐடியாகக் கொடுக்கலாமா? அது எப்படியும் தனித்துவமானதுதானே?

கூடாது. ஏஜின் ஐடி 64 பிட் அகலமுள்ளது. அதில் மேல் 16 பிட்டுகள் லேபிளை (முனை அல்லது விளிம்பின் வகைப் பெயரை) குறிக்கின்றன, எஞ்சிய 48 பிட்டுகளே அந்த லேபிளுக்குள் உள்ள வரிசை எண்ணுக்குக் கிடைக்கின்றன. 48 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் 281474976710655. ஐஎம்இஐ எண்ணும் 15 இலக்கம் கொண்டது என்பதால் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் சந்தையில் உள்ள பெரும்பாலான கைபேசிகளின் எண் 35 என்றோ 86 என்றோ தொடங்குவதால் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. 01 என்று தொடங்கும் எண்களை வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும், வம்பு பின்னால்தான் வரும். ஐடியைத் தரவுத்தளமே கொடுக்கட்டும். உங்கள் எண் ஒரு பண்பாக இருக்கட்டும்.

கேள்வி: விளிம்புகளின் அட்டவணையில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. மேட்ச் கட்டளையால் தேடினால் குறைவாக வருகிறது. எங்கே போயின?

எங்கும் போகவில்லை, அவற்றின் ஒரு முனையோ இரு முனைகளுமோ இல்லை. விளிம்புக் கோப்பில் தொடக்க ஐடி, தொடக்க லேபிள், முடிவு ஐடி, முடிவு லேபிள் ஆகிய நான்கும் முதலில் வரும். ஏஜ் லேபிளையும் ஐடியையும் ஒட்டி 64 பிட் எண்ணாக்கி எழுதிவிடும். அந்த எண்ணுக்கு உரிய முனை இருக்கிறதா என்று சோதிக்கும் அயல் விசை அங்கே இல்லை.

என் வழி வேறு. கிராஃபின் பெயரில் ஒரு ஸ்கீமா இருக்கிறது. ஒவ்வொரு லேபிளும் அதனுள் ஒரு சாதாரண அட்டவணை. ஆகவே கோப்பை முதலில் காப்பி கட்டளையால் ஓர் இடைநிலை அட்டவணையில் இறக்கி, இரட்டிப்புகளையும் வெற்றிடங்களையும் பழகிய எஸ்க்யூஎல் கொண்டே களைந்து, முனைகளை லேபிள் அட்டவணையில் இன்சர்ட் செய்து, பிறகு இடைநிலை அட்டவணையை முனைகளோடு இருமுறை ஜாயின் செய்து விளிம்புகளை உருவாக்குங்கள். முனையில்லாத விளிம்பு அந்த ஜாயினிலேயே உதிர்ந்துவிடும்; உதிர்ந்தவை எவை என்பதை லெஃப்ட் ஜாயினால் பட்டியலிட்டு, தரவு கொடுத்தவரிடம் காட்டலாம்.

கேள்வி: பைத்தானிலிருந்து ஒவ்வொரு வரியாக மெர்ஜ் செய்கிறேன். போகப் போக மெதுவாகிறது.

ஆகத்தான் செய்யும். ஒவ்வொரு மெர்ஜும் முதலில் தேடுகிறது, கிடைக்காவிட்டால்தான் உருவாக்குகிறது; இண்டெக்ஸ் இல்லாவிட்டால் அதுவரை ஏற்றிய அனைத்தையும் தேடுகிறது. இண்டெக்ஸ் இல்லாமல் மெர்ஜ் செய்யாதீர்கள். சுருள் அடைப்புக்குள் எழுதிய பண்பு இயல்பான அமைப்பில் உள்ளடக்கச் சோதனையாக (முனையின் பண்புகளுக்குள் இது அடங்குகிறதா என்ற சோதனையாக) மாறுகிறது, அதற்கு ஜின் இண்டெக்ஸ் உதவும். வேர் (WHERE) என்ற நிபந்தனைப் பகுதியில் சமக்குறியோடு எழுதினால் அந்தப் பண்பின் மீது பி-ட்ரீ இண்டெக்ஸ் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று பயன்படாது. மேலும், இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஒரே முனையை மெர்ஜ் செய்தால் இரண்டு முனைகள் உருவாகக்கூடும். அதைத் தடுக்க யூனிக் இண்டெக்ஸ் வையுங்கள்.

கேள்வி: ஜாவாவிலிருந்து மெர்ஜ் செய்தாலும் மெதுவாகவே இருக்கிறதே?

மொழியை மாற்றினால் இண்டெக்ஸ் முளைக்காது. முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் அட்டவணையிலேயே செய்யச் சொல்கிறீர்கள். பிறகு ஏஜ் எதற்கு? 2009-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 8.4 வெளியீட்டிலிருந்தே, தன் முடிவையே மீண்டும் மீண்டும் வினவும் வித் ரிகர்சிவ் இருக்கிறதே!

பாதி ஒப்புக்கொள்கிறேன். "இங்கிருந்து எங்கெல்லாம் போய்ச் சேரலாம்" என்பது மட்டுமே கேள்வியானால் வித் ரிகர்சிவே மேல். அதில் யூனியன் போட்டால் ஒரு முனை ஒருமுறைதான் வரும். ஏஜின் கிராஃப் வினவல் மொழியான சைஃபரோ ஒவ்வொரு பாதையையும் தனித்தனியே எண்ணித் தரும், அடர்ந்த கிராஃபில் அது வெடித்துவிடும். ஆனால் "ஒரே முகவரியைப் பகிரும் இரு கணக்குகள், மூன்றாவது ஒருவருக்குப் பணம் அனுப்பியிருக்கின்றனவா" என்பது போன்ற வடிவத் தேடலை எஸ்க்யூஎல்லில் எழுதிவிட்டு, அடுத்த மாதம் நீங்களே அதைப் படித்துப் பாருங்கள்.

அதே வாசகர்: நிலையான ஆழமுள்ள சைஃபர் வினவலும் உள்ளே ஜாயின்தானே? வேகத்தில் என்ன ஆதாயம்?

ஜாயின்தான், வேகத்தில் ஆதாயம் உண்டு என்று நான் சொல்லவே இல்லை. எழுதுவதிலும் படிப்பதிலும்தான் ஆதாயம். ஆழம் மாறும் தேடலில் இன்னும் ஒரு படி போய் உங்கள் பக்கமே பேசுகிறேன்: அதற்காக ஏஜ், கிராஃபை அந்த இணைப்பின் நினைவகத்தில் ஹாஷ் அட்டவணைகளாகக் கட்டிக்கொள்கிறது. பல இணைப்புகள் இருந்தால் பல பிரதிகள். ஏற்றும் பணி நடந்துகொண்டிருக்கும்போதே அத்தகைய வினவலை ஓட்டினால், மாறிய தரவுக்காக மீண்டும் கட்ட வேண்டியிருக்கும். எனவே தரவு ஏற்றுவதையும் ஆழத் தேடலையும் வெவ்வேறு நேரங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையாகவும் கிராஃபாகவும் ஒரே தரவைப் பார்க்க முடிவதற்காகத்தான் நான் ஏஜைப் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: டாக்கரில் ஓட்டுகிறேன். கோப்பு இல்லை என்கிறது.

முதல் பதிலேதான். கன்டெய்னருக்குத் தனிக் கோப்பு அமைப்பு உண்டு. கோப்பை அதனுள் நகலெடுங்கள், அல்லது அடைவை மவுன்ட் செய்யுங்கள்.

கேள்வி: தனிக் கிராஃப் தரவுத்தளமான நியோ4ஜே சிறந்ததா, ஏஜ் சிறந்ததா?

இரண்டையும் உங்கள் தரவோடு ஓட்டிப் பார்த்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐடியோடு ஏற்றி முடித்துவிட்டேன். வேறு ஏதேனும் செய்ய வேண்டுமா?

அந்த லேபிளின் சீக்வென்ஸ் (அடுத்த ஐடியைத் தரும் எண்ணி), நீங்கள் கொடுத்த மிகப் பெரிய ஐடியைத் தாண்டி நிற்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நகர்த்துங்கள். விளிம்பு அட்டவணையில் தொடக்க ஐடி, முடிவு ஐடி இரண்டின் மீதும் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லேபிள் அட்டவணைகள் மீது, புள்ளிவிவரம் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள்.