நீர்க்கடுப்பும் சீன வைத்தியமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நீர்க்கடுப்புக்குச் சீன வைத்தியத்தில் ஒரே மருந்துதானா?

இல்லை. நீர்க்கடுப்புக்குச் சீன வைத்தியம் சொல்லும் 'லின்' என்ற ஒரே பெயருக்குள் சூடு, கல், ரத்தம், வாயு, கொழகொழப்பு, அசதி என்று ஆறு வகை உண்டு. வகை மாறினால் மருந்தும் மாறும். சிறுநீர் தினை மணிபோல வரும், அடிவயிறு இறுகும், வலி தொப்புள்வரை இழுக்கும் என்று சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே சீன வைத்தியர் சாங் சோங்ஜிங் எழுதிவைத்தார். அனுபவித்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு சரியான வர்ணனை என்று.

கேள்வி: ரத்தம் போகிறது, ஆனால் வலியே இல்லை. இதுவும் லின் தானா?

இல்லை. வலித்தால்தான் 'ரத்த லின்', வலிக்காவிட்டால் வேறு நோய் என்று சீன மரபே பிரிக்கிறது. வலியில்லாத ரத்தம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கஷாயம் தேடாமல் உடனே சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். குளிர்காய்ச்சலோடு விலாவுக்குக் கீழே முதுகு வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: 'பா ஜெங் சான்' பொடியை ஆன்லைனில் வாங்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். சூட்டு வகைக்குச் சீனாவின் சோங் வம்ச அரசர்கள் காலத்திலிருந்தே கொடுத்துவரும் நல்ல மருந்துதான். அதில் சேரும் 'மு தோங்' என்ற கொடித்தண்டுதான் என் கவலை. அதன் இடத்தில் 'குவான் மு தோங்' என்ற வேறொரு கொடி நெடுங்காலம் விற்பனையானது. வில்லைகளாக நறுக்கிவிட்டால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். பின்னதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். 2003-இல் சீனா அதற்குத் தடை போட்டது. ஆனாலும் முகம் தெரியாத கடையின் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று யார் சொல்வது? அப்புறம், இதில் பேதியாக்கும் ருபார்ப் வேரும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

கேள்வி: கல் கரையுமா?

கோழி இரைப்பையின் உட்புற மஞ்சள் தோலை நாம் உரித்து எறிகிறோம். சீன வைத்தியர்கள் அதை வறுத்துப் பொடித்துக் கல்லுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். அதனால் மருந்தால்தான் போனது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. முதலில் ஸ்கேன் எடுங்கள்.

கேள்வி: அக்குபங்சருக்குப் போகுமுன் ஏதாவது செய்ய வேண்டுமா?

சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். இதற்கு ஊசி குத்தும் 'சோங் ஜி' என்ற அடிவயிற்றுப் புள்ளி சிறுநீர்ப்பைக்கு நேர் மேலே இருக்கிறது. பை நிறைந்திருக்கும்போது அங்கே ஊசி குத்தக் கூடாது.