கொடுங்கோலும் எட்டுக் குடமும்

கேள்வி: ராமநாதபுரத்தில் நாங்கள் நண்பர்கள் எட்டுப் பேர். இருவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் ஆட்டோ, செல்போன் கடை, கூரியர் என்று ஆளுக்கொரு வேலை. சாயங்காலமானால் எங்கள் ஊர் வளைகோல் பந்து அணியின் பயிற்சியைப் பார்க்க மைதானத்தில் போய் நிற்போம். ஐந்து வருஷமாக ஒரு கோப்பைகூட வரவில்லை. ஓர் ஆட்டத்துக்காகக் கோவில்பட்டிக்கு வேன் பிடித்துப் போய், எட்டுக் கோல் வாங்கித் திரும்பியதும் உண்டு. வீட்டில் திட்டுகிறார்கள். இப்படி ஒரு பற்று தேவைதானா?
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: ஹாக்கி என்று எழுதாமல் வளைகோல் என்று எழுதிவிட்டீர்கள். பற்று கொஞ்சம் காத்திருக்கட்டும்.

வளைகோலைப் பழைய தமிழில் சொன்னால் கொடுங்கோல். 'கொடு' என்றால் வளைந்த என்று பொருள். நேரான கொடுவாளை யாராவது பார்த்ததுண்டா? ஆக, உங்கள் மைதானத்தில் இந்தப் பக்கம் பதினொரு கொடுங்கோலர், அந்தப் பக்கம் பதினொரு கொடுங்கோலர். நடுவே விசிலோடு இருவர் செங்கோல் நடத்தப் பார்க்கிறார்கள். அவர்களைக் கரையில் நிற்கும் எட்டுக் குடிமக்கள் 'பன்னாடை' என்கிறார்கள். இத்தனை கோலுக்கும் மேலே, உங்கள் அணி அடிக்காத கோல் ஒன்று தனியாக இருக்கிறது. சேதுபதி சீமையில் இவ்வளவு கோல் ஒரே இடத்தில் சேர்ந்தது இதுதான் முதல்முறை.

சரி, 'மட்டை' என்று எழுதலாமென்றால், மட்டைப்பந்து என்ற பெயரைக் கிரிக்கெட்காரர்கள் பட்டா போட்டுக்கொண்டார்கள். நம் மாவட்டத்தில் மட்டை என்றால் பனைமட்டைதான். இரண்டு ஓரமும் கருக்கைச் சீவிவிட்டு, மெலிந்த முனையைக் கையில் பிடித்து, மரத்தோடு ஒட்டியிருந்த அகன்ற அடியைத் தரையில் தேய்த்தால் ஹாக்கி. அதையே கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் கிரிக்கெட். இதில் அவர்களுக்கு மட்டும் ஏன் பட்டா? வளைதடி எறிந்து சண்டை போட்ட சீமை இது. 1801-இல் மருது சகோதரர்களின் போர் முடிந்ததும் கும்பினிக்காரன் ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டான். வளைந்த கட்டையை மறுபடி கையில் எடுக்க ஹாக்கிதான் சட்டப்படியான வழி. பேசாமல் ஹாக்கி என்றே எழுதுங்கள். புலவர்கள் வழக்கம்போல எனக்குக் கடிதம் போடட்டும்.

இப்போது உங்கள் கடிதத்தில் உறுத்துகிற இன்னொரு சொல்: 'நிற்போம்'. எட்டுப் பேர், பதினாறு கை, ஐந்து வருஷம். நின்றீர்களாம்!

உங்கள் பையன்கள் ஏன் தோற்கிறார்கள் என்பது ரகசியமல்ல. மண்ணில் பந்து துள்ளித் துள்ளி வரும். அதனால் மட்டையைச் செங்குத்தாக வைத்து, பின்னால் காலையும் காவல் வைத்து நிறுத்தப் பழகுகிறார்கள். செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். குனிந்து, மட்டையைத் தரையோடு படுக்கவைத்து வாங்க வேண்டும். மண் பழக்கத்தில் நின்றால் பந்து மட்டையில் பட்டு எதிராளியிடம் போகும், அல்லது காலில் பட்டு விசில் வரும். இது உங்கள் ஊருக்கு மட்டும் வந்த வியாதியல்ல. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைப் புல் விரித்தார்கள். அதுவரை ஏழு தங்கம் வாங்கியிருந்த இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. 1980 மாஸ்கோவில் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஒரு தங்கம். அதற்கடுத்த பதக்கம் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், வெண்கலம். நாடே 41 வருஷம் காத்திருந்தது. உங்கள் ஐந்து வருஷத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

முழு மைதானத்தையும் திருத்துவது உங்களால் ஆகாது. 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். அதன்மேல் ஓர் அங்குலம் கிராவல் பரப்புவதற்கே ஏறக்குறைய 45 யூனிட் (ஒரு யூனிட் என்றால் 100 கன அடி) வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுதத்தான் அந்தக் கணக்கு உதவும். ஆனால் ஒரே ஒரு பாதையை உங்களால் செய்ய முடியும்: பெனால்டி கார்னர் பாதை. எதிரணி தன் கோல் வட்டத்துக்குள் தப்புச் செய்தால் கிடைப்பது அது: ஒருவன் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவான், வட்டத்துக்கு வெளியே ஒருவன் நிறுத்துவான், இன்னொருவன் கோலுக்கு அடிப்பான். மண் மைதானத்து அணிகள் கோலைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் அங்கேதான். தள்ளுகிறவன் ஒழுங்காகத்தான் தள்ளுவான். வழியில் ஒரு கல்லில் பட்டு, பந்து நிறுத்துகிறவன் மட்டைக்கு மேலே தாவிவிடும். பிறகு பந்தை மட்டையால் இழுத்து வீசுகிற டிராக் ஃப்ளிக் எங்கே, கோல் எங்கே?

பந்து தள்ளும் இடம், பக்கத்துக் கோல் கம்பத்திலிருந்து பின்கோட்டில் 10 மீட்டர் தள்ளி. பெரும்பாலானோர் கோலைப் பார்த்து நிற்பவனுக்கு இடப்பக்கமிருந்துதான் தள்ளுவார்கள். அங்கிருந்து வட்டத்தின் உச்சி ஏறக்குறைய 19 மீட்டர். பந்து வட்டத்தைத் தாண்டி வெளியே வந்த பிறகே கோலுக்கு அடிக்கலாம் என்பதால் 20 மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். அகலம் ஒரு மீட்டர். மேல்மண்ணை 5 சென்டிமீட்டர் சுரண்டி எடுத்துவிட்டுச் சலித்த கிராவலைக் கொட்ட வேண்டும். மொத்தம் ஒரு கன மீட்டர். ஒரு யூனிட் வாங்கினால் மூன்று பாதைக்குக் கிட்டத்தட்ட வரும். இரண்டு கோல் பக்கமும் முடிந்து மிச்சமும் இருக்கும்.

இனி தண்ணீர். போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். காய்ந்ததும் உப்புப் பூக்கும், மேல்மண் பொருக்குத் தட்டும், பந்து பழையபடி தவளையாகும். நல்ல தண்ணீர் வேண்டும். சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்றால் பாதைக்கு 100 லிட்டர், அதாவது எட்டுக் குடம். ஆளுக்கு ஒரு குடம்! ஆனால் குழாயில் குடிக்க வரும் காவிரித் தண்ணீரைத் தொடாதீர்கள். தள்ளுவண்டியில் குடம் அடுக்கி வெயிலில் தள்ளிக்கொண்டு போகிற பெண்கள் பார்த்தால், நீங்கள் கோப்பை வாங்கும் ஆசையே இல்லாமல் போய்விடும். ஊருணியில் தண்ணீர் இருக்கும்போது எடுங்கள். வற்றியிருந்தால் டேங்கர்காரரிடம் அரை டிரம் கேளுங்கள். குடத்தை வீட்டிலிருந்து கொண்டுபோனால் திட்டு உறுதி. அதற்காவது ஒரு நியாயம் இருக்கும்.

சாயங்காலம் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் உருட்டுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், மண் விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். உருளைக்கு 200 லிட்டர் இரும்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் போதும், அதற்கு உப்புத் தண்ணீரே சரி. டிரம்மின் மேல் இரண்டு வளையம் துருத்திக்கொண்டிருக்கும். அப்படியே உருட்டினால் பாதையில் இரண்டு வாய்க்கால் விழும். வளையங்களுக்கு இடையில் பழைய படகுக் கயிற்றை நெருக்கிச் சுற்றிச் சமப்படுத்துங்கள். இதையெல்லாம் எப்போது செய்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உங்கள் படகு நண்பர்கள் இருவரும் கரையில்தான் இருப்பார்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலக்கும் முன் முடித்துவிடுங்கள். தாமதித்தால் சலித்த மண் கிழக்கே மண்டபம் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கோடு போடுவதிலும் ஒரு தப்பு ஊர் ஊராக நடக்கிறது. கோலின் நடுவில் முளையடித்துக் கயிற்றைச் சுற்றி அரைவட்டம் போட்டுவிடுகிறார்கள். அது ஹாக்கி வட்டமல்ல. ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் 14.63 மீட்டரில் ஒரு கால்வட்டம் போட்டு, இரண்டையும் 3.66 மீட்டர் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். நைலான் கயிறு இழுத்தால் நீளும், கம்பி பிடியுங்கள். சுண்ணாம்பைத் தூவினால் காற்று கொண்டுபோகும். கரைத்து, 75 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு ரீப்பர் கட்டைகளுக்கு நடுவே ஊற்றுங்கள்.

வலைக்கு நம் கரையில் பஞ்சமில்லை, ஆனால் ஒற்றை நரம்பில் பின்னிய தங்கூசி வலையைக் கட்டாதீர்கள். வெயிலில் முறுகி, நாலு அடியில் கிழியும். முறுக்கு நூல் வலையில், கண் 45 மில்லிமீட்டருக்கு மிகாததாகப் பார்த்துத் தொய்வாகக் கட்டுங்கள். இறுகக் கட்டினால் பந்து திரும்பி வந்து, கோலா இல்லையா என்று பத்து நிமிஷம் தகராறு நடக்கும். கீழே 460 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பலகை அடியுங்கள், உடைந்த வல்லத்துப் பலகை போதும். பெனால்டி கார்னரில் ஓங்கி அடிக்கும் முதல் அடி அந்தப் பலகை உயரத்துக்குள்தான் கோட்டைக் கடக்க வேண்டும். டிராக் ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 'டொக்' என்று சத்தம் கேட்டால் பன்னாடை, பண்டாரம் என்று யாரையும் திட்டத் தேவையிருக்காது.

கோலுக்குப் பின்னால் சீமைக் கருவேலம் இருக்குமே? இல்லாமல் இருந்தால் அது ராமநாதபுரமாக இருக்காது. இந்தப் பக்கத்தில் அந்த மரத்தைத் திட்டாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. பந்து உள்ளே போனால் எடுக்கப் போகிறவன் செருப்பில் முள்ளோடு வருவான். அரிவாளால் வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒன்று நாலாகத் துளிர்க்கும். வேர்க்கட்டையைத் தோண்டியே எடுக்க வேண்டும்.

கோல்கீப்பர் காலில் கட்டும் பேட் நாறுகிறது என்று பையன்கள் புலம்புவார்கள். உப்புத் தண்ணீரில் அலசினால் நாறத்தான் செய்யும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் கரையில் பல இரவுகள் அப்படித்தான். பகலெல்லாம் காய்ந்த பேட் விடியும்போது மறுபடி ஈரமாக இருக்கும். கடைசி அலசல் நல்ல தண்ணீரில், காய்வது நிழலில்.

கோவில்பட்டிக்கு வேனில் போனீர்களே, சாயல்குடி, விளாத்திகுளம், எட்டயபுரம் வழியாகத்தானே? வரும்போது எட்டுக் கோலோடு கடலைமிட்டாயும் வாங்கி வந்திருப்பீர்கள். அதற்கு 2020-இல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள், அதிலிருந்து அந்த ஊர்க்காரர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. நம் முண்டு மிளகாய்க்கும் 2023-இல் கிடைத்துவிட்டது. அதைப் பற்றி நாம்தான் வாயைத் திறப்பதில்லை. அடுத்த முறை போகும்போது அரைக் கிலோ எடுத்துப்போங்கள். எட்டுக் கோல் கொடுத்தவர்களுக்கு நாமும் ஏதாவது கொடுக்க வேண்டாமா?