மெல்பர்னில் மனை வாங்கும்போது முதலில் மண்ணைப் பாருங்கள்

கேள்வி: மகளும் மாப்பிள்ளையும் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கி ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இருக்கிறார்கள். நகரின் மேற்கே டார்னீட் பக்கம் 400 சதுர மீட்டர் மனை ஒன்று பார்த்திருக்கிறார்கள். "டைட்டில் ஆகிவிட்டது, நாளைக்கே கட்டலாம்" என்கிறாராம் விற்பவர். தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் அங்கே எப்படிப் பார்ப்பது? நானும் பணம் போடுவதால் என் பெயரையும் சேர்க்கலாமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: நம் ஊரில் முப்பது வருட வில்லங்கம் பார்த்துப் பழகிய கவலை உங்களுடையது. ஆனால் அங்கே அது சுலபமான பகுதி. உரிமையை அரசே பதிவு செய்து உத்தரவாதம் தருகிறது. உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்பதெல்லாம் டைட்டில் ஆவணத்திலேயே தெரிந்துவிடும். "டைட்டில் ஆகிவிட்டது" என்றால் மனைப்பிரிவு பதிவாகிவிட்டது என்று மட்டும்தான் பொருள். அந்த மண் வீட்டைத் தாங்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

கோவில்பட்டிக்காரருக்குக் கரிசலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பிக் கதவை இறுக்கிவிடும். மெல்பர்னின் மேற்குப் பகுதி எரிமலைப் பாறை மேல் படிந்த களிமண் பூமி. சுபாவம் ஏறக்குறைய கரிசல்தான். அங்கே ஏ.எஸ். 2870 என்ற தர விதிப்படி, மண் எத்தனை மில்லிமீட்டர் ஏறி இறங்கும் என்று பார்த்து வகை பிரிக்கிறார்கள். 20 வரை எஸ், 40 வரை எம், 60 வரை எச்1, 75 வரை எச்2, அதற்கு மேல் ஈ. வகை ஏற ஏற அடித்தளக் கான்கிரீட்டும் கம்பியும் கூடும், செலவும் கூடும். பில்டர் விளம்பரத்தில் போடும் விலை ஏதோ ஒரு வகைக்குத்தான். எந்த வகைக்கு என்று எழுதி வாங்குங்கள். தோண்டும்போது பாறை வந்தால் யார் செலவு என்பதையும் அதே தாளில் கேளுங்கள்.

இவற்றைவிடப் பெரிய தலைவலி 'பி' வகை. பள்ளத்தை நிரப்பிச் சமன்படுத்திய மனைகளில், நிரப்பியதற்கு முறையான சான்று இல்லையென்றால் பெரும்பாலும் இந்த வகைதான். பொறியாளர் தனியாக வடிவமைக்க வேண்டும், கெட்டி மண் வரைக்கும் தூண் இறக்கவேண்டி வரலாம். பார்வைக்கு மேசைபோல் சமமாக இருக்கிற மனையில்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். மண் நிரப்பியிருந்தால், மேற்பார்வையோடு சோதித்து நிரப்பியதற்கான 'லெவல் 1' அறிக்கை இருக்கிறதா என்று மாப்பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது காகிதம். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் விற்பவர் 'செக்‌ஷன் 32' என்ற, மனையின் விவரம் சொல்லும் அறிக்கையைக் கொடுத்தே ஆகவேண்டும். அதற்குள் இருக்கும் மனைப்பிரிவு வரைபடத்தை மட்டுமாவது மகள் தன் கண்ணால் பார்க்கட்டும். பின் எல்லையை ஒட்டி ஒரு பட்டை, அதில் 'இ-1' என்று குறித்திருக்கலாம். அநேகமாகச் சாக்கடைக் குழாயோ மழைநீர்க் குழாயோ போகிற இடம். நிலம் உங்களுடையதுதான், ஆனால் அனுமதி இல்லாமல் அதன்மேல் கட்டமுடியாது. 400 சதுர மீட்டர் மனை, நம் கணக்கில் பத்து சென்ட்கூட வராது. பின்னால் மூன்று மீட்டர் போனால் வீட்டின் வரைபடமே மாறிவிடும். வெள்ளம், காட்டுத்தீ கட்டுப்பாடு உண்டா என்பதை அரசின் 'விக்பிளான்' தளத்தில் முகவரி போட்டு இலவசமாகவே பார்த்துவிடலாம்.

மண் பரிசோதனையை எப்போது செய்வது? கையெழுத்துக்கு முன்னால், விற்பவரின் சம்மதத்தோடு. முடியாவிட்டால், "பரிசோதனை திருப்தியாக இருந்தால் மட்டுமே" என்ற நிபந்தனையை, பத்திர வேலை பார்க்கும் கன்வேயன்சர் மூலம் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுவிற்பனை மனைக்கு இது நடக்கும். பெரிய மனைப்பிரிவு நிறுவனங்கள் லேசில் ஒத்துக்கொள்வதில்லை. கையெழுத்து போட்டபின் மனம் மாற 3 வேலை நாள் அவகாசம் உண்டு. விலகினால் 100 டாலர் அல்லது விலையில் 0.2 சதவீதம், எது அதிகமோ அது போகும். ஏலத்தில் எடுத்தால் இந்த அவகாசமே கிடையாது. மூன்று நாளில் துளை போட்டு அறிக்கை வாங்குவது கஷ்டம், அதை நம்பி இறங்கவேண்டாம்.

சரி, உங்கள் பெயர் விஷயம். வேண்டாம் என்பதே என் பதில். அவர்கள் பி.ஆர்., நீங்கள் அங்கே வெளிநாட்டவர். உங்கள் பெயர் சேர்ந்தால் ஆஸ்திரேலிய மத்திய அரசின் வெளிநாட்டு முதலீட்டு ஒப்புதல் வேண்டும், 4 ஆண்டுக்குள் வீட்டைக் கட்டி முடிக்கும் நிபந்தனையும் வரும். போதாததற்கு உங்கள் பங்கின் மதிப்பில் 8 சதவீதம் கூடுதல் முத்திரைத் தீர்வை. மனை 4 லட்சம் டாலர், பாதி உங்கள் பங்கு என்று வைத்துக்கொண்டால் 16,000 டாலர் அதற்கே போய்விடும். அந்தப் பணம் அடித்தளத்துக்கு ஆகும். மகளுக்கு அன்பளிப்பாக அனுப்பிவிடுங்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி விதியில் இடமிருக்கிறது. "திருப்பிக் கேட்கமாட்டேன்" என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அங்கே வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி அதைக் கேட்கும்.